காலண்டர் ராமரைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் பாருங்கள்

படம் முடிந்து வண்டியை எடுக்கிற இடத்தில்தான் உண்மையான விமர்சனம் நடக்கும். போன வருஷம் கடலூரில் ஒரு இதிகாச அனிமேஷன் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, எனக்கு முன்னால் நின்ற நாலு பேரில் ஒருவர், "எல்லாம் சரிப்பா, ஆனா ராமர் ராமர் மாதிரியே இல்லையே" என்றார். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது, "ராமர் எப்படிண்ணே இருப்பாரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்து, போனை எடுத்து வால்பேப்பரைக் காட்டினார்.

அவரைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சண்டை போடுகிறோம். காட்சி நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று சொல்வதைத் தாண்டி, வரைந்தவர்கள் எடுத்த முடிவு கதைக்கு என்ன செய்தது என்று சொல்லப் பழகுவதற்கு எங்களுக்கு உதவியவற்றை இங்கே எழுதுகிறேன். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது.

முதலில் தலைக்குள் இருக்கிற படம்

படம் ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: உங்கள் மனதில் இருக்கிற ராமன் எப்படி இருக்கிறான், கண்ணகி எப்படி, பீமன் எப்படி? அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பெரும்பாலும் விடை காலண்டர், இல்லையென்றால் 1987-இல் ஆரம்பித்த டிவி ராமாயணம், இல்லையென்றால் சின்ன வயதில் படித்த காமிக்ஸ். காலண்டர் உருவத்துக்குப் பெரிய வயதில்லை. ராஜா ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியது 1894-இல். அதற்கப்புறம்தான் சாமி படம் காகிதத்தில் மலிவாக வீடு வீடாகப் போனது. நம் பக்கத்து பூஜையறைகளில் தொங்கியவற்றில் நிறைய கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தவை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனியில் இருக்கிற ராமன் ஒல்லியாக, இடுப்பை லேசாக ஒடித்து, வில்லைப் பிடிக்கிற மாதிரி கையை உயர்த்தி நிற்பான், வில்லே இருக்காது, மார்பில் மடிப்பு மடிப்பாகத் தசையும் இருக்காது. தஞ்சாவூர் பக்கத்துப் புள்ளமங்கைக் கோயில் சுவரில் கையகலச் சிற்பங்களில் ராமாயணம் ஓடுகிறது, அங்கே இருப்பவன் வேறொரு ராமன். ஜாவாவின் நிழல் பொம்மைகளில் அவனுக்கு நீளமான மூக்கு, ஒடுங்கிய கண், கீழே குனிந்த முகம். அங்கே அதுதான் பண்புள்ளவனின் அடையாளம், முரடர்களுக்கு உருண்டை விழி.

ஆகவே "ராமர் மாதிரி இல்லை" என்பதை விமர்சனத்தின் முதல் வரியாக எழுதாதீர்கள். "என் தலையில் இருந்த ராமனிலிருந்து இவன் இன்ன விதத்தில் மாறியிருக்கிறான்" என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும்: ஏன் மாற்றினார்கள்? அங்கிருந்துதான் வேலை ஆரம்பிக்கிறது.

எந்த ராமாயணம் என்று கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள்

"மூலத்தில் இப்படி இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் எந்த மூலம் என்று கேட்டால் முழிப்பார்கள். சூர்ப்பணகையை எடுத்துக்கொள்வோம். வால்மீகியில் அவள் தன் சொந்த உருவத்தோடு வருகிறாள், அழகான ராமனுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி ஒவ்வொரு உறுப்பாக ஒப்பிட்டு அவலட்சணத்தைக் காட்டுகிறார். கம்பனில் அவள் அழகியாக மாறி வருகிறாள், நடந்து வருகிற சத்தமே பாட்டில் கேட்கும், "வஞ்சி என நஞ்சம் என வஞ்ச மகள் வந்தாள்" என்று முடியும்போது அந்த நடையில் விஷம் இருப்பது தெரியும். ஒரு படம் அவளைக் கோரப் பல்லோடு காட்டினால் தவறில்லை, அழகியாகக் காட்டினாலும் தவறில்லை. ஆனால் கம்பன் வழியை எடுத்துக்கொண்ட படம் அவள் நடையில் அந்த இரண்டாவது அர்த்தத்தைக் காட்டவில்லை என்றால், வெறும் அழகான பெண் ஒருத்தி காட்டில் நடந்து வருகிறாள் என்று மட்டும் இருந்தால், அது குறை, அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

சீதையைத் தூக்கிப் போவதும் அப்படித்தான். வால்மீகியில் ராவணன் அவளைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பன் அதற்கு மனம் ஒப்பாமல், குடிசையோடும் நிலத்தோடும் பெயர்த்து எடுக்க வைக்கிறார். இது பக்திக் கூச்சத்தில் வந்த மாற்றம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் படம் வரைபவனுக்கு அது ஒரு புதையல்: மண் கிழிகிற சத்தம், தொங்குகிற வேர்கள், மேலே போகப் போக உதிர்கிற மண்கட்டிகள், திரும்பி வருகிறவனுக்கு வீடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். இவ்வளவு கையில் இருந்தும் ஒரு படம் மின்னலும் புகையும் போட்டு மூன்று விநாடியில் முடித்துவிட்டால், கம்பனைப் படித்தவர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை வில் ஒடிக்கிற காட்சி. கம்பன் சொல்வது இவ்வளவுதான்: சபையில் இருந்தவர்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வில்லைக் காலில் மிதித்ததையோ நாணேற்றியதையோ யாரும் பார்க்கவில்லை, "எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்." அதாவது நடுவில் இருக்கிற எல்லா ஃபிரேமையும் கம்பன் வெட்டி எறிந்துவிட்டார். எடுத்த படம் ஒன்று, ஒடிந்த சத்தம் ஒன்று. அவ்வளவு வேகம், அவ்வளவு சுலபம். இப்போது நீங்கள் பார்த்த எந்தப் படத்தையும் நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த இடத்தில் ஸ்லோமோஷன் வரும், கை நரம்பு புடைக்கும், பின்னால் ஒளி வட்டம் சுற்றும், சுற்றிலும் எல்லாருடைய வாயும் மெதுவாகப் பிளக்கும். ஸ்லோமோஷன் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது "இது கஷ்டமான காரியம், இவன் கஷ்டப்பட்டுச் செய்தான்" என்கிறது, கம்பனோ "இது அவனுக்கு ஒன்றுமே இல்லை" என்கிறார். இரண்டும் இரண்டு வேறு ராமன்கள். படம் எந்த ராமனைச் சொல்ல நினைத்தது, மீதிப் படத்தில் அவனை அப்படியே வைத்திருந்ததா என்று பாருங்கள். அந்த ஒரு காட்சியை மட்டும் வைத்து இரண்டு பக்கம் எழுதலாம்.

சத்தத்தை அணைத்துவிட்டு

முதல் தடவை பார்க்கும்போது பேனாவைத் தொடாதீர்கள், பாப்கார்ன் சாப்பிடுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். இரண்டாவது தடவை வீட்டில், சத்தம் இல்லாமல். பின்னணி இசை நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பது அப்போதுதான் தெரியும். போரில் உடல் சிலிர்த்த காட்சி சத்தம் போனதும் பொம்மைகள் மோதிக்கொள்கிற மாதிரி இருந்தால், உங்களைச் சிலிர்க்க வைத்தது மேளம். மூன்றாவது தடவை முழுப் படமும் வேண்டாம், சந்தேகம் வந்த ஐந்தாறு காட்சிகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் யாராவது சண்டைக்கு வந்தால் அதுதான் காப்பாற்றும்.

நிறுத்திய படத்தில் முதலில் நிழலுருவத்தைப் பாருங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலே போதும், வண்ணமும் நகையும் மங்கி உருவத்தின் வெளிக்கோடு மட்டும் தெரியும். அந்தக் கோட்டை வைத்தே இவன் யார் என்று சொல்ல முடிகிறதா? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த அனிமேஷன் புத்தகமும் இல்லை, தெருக்கூத்து. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும், தீமிதிக்கு முன்னால் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசியில் துரியோதனன் விழுகிற படுகளம். மரக்கட்டை அணிகள் பூட்டிய கட்டை வேஷக்காரரின் தோளில் இருக்கிற புஜக்கட்டையும் தலையில் இருக்கிற முடியும் ஏன் அவ்வளவு அகலம்? ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், கடைசி வரிசையில் பாயில் படுத்துக்கொண்டே பார்க்கிற ஆளுக்கும் இவன் துரியோதனன் என்று தெரிய வேண்டும். அதில் ஒட்டியிருக்கிற கண்ணாடித் துண்டுகள் விளக்கு வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்கும்போது அந்த ஆள் அசைந்தாலே மின்னுவான். காசு கம்மி, வெளிச்சம் கம்மி, ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவு செய்த படத்தில் ராமன், லட்சுமணன், பரதன், சத்ருக்னன் நாலு பேரையும் நகை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் கூத்து ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். கொலு பொம்மையை ஒரே அச்சில் வார்த்து வண்ணத்தில் ஆளை மாற்றுவது வேறு, அது அலமாரியில் அசையாமல் நிற்கப்போகிறது.

பத்துத் தலைக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பத்து இரட்டைப்படை எண், நடுவில் ஒரு தலை வைத்தால் ஒரு பக்கம் நாலு, இன்னொரு பக்கம் ஐந்து என்றுதான் வரும், எப்படி வைத்தாலும் உருவம் ஒரு பக்கம் சாயும். ஓவியர்கள் காலங்காலமாக இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சில படங்கள் ஒற்றைத் தலையோடு காட்டி, கோபம் வரும்போது மட்டும் மற்றவற்றை வெளியே கொண்டுவரும். அது தப்பித்தலாகவும் இருக்கலாம், நல்ல யோசனையாகவும் இருக்கலாம். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மற்ற ஒன்பது தலைகளும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஒன்பதும் ஒரே நேரத்தில் கண்ணை மூடித் திறந்தால் அவை முகமூடிகள். ஒன்று சிரிக்கும்போது இன்னொன்று சந்தேகப்பட்டால், ஒன்று முன்னால் நிற்பவனைப் பார்க்கும்போது கடைசித் தலை சீதை இருக்கும் பக்கம் திரும்பியிருந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அனுமனின் வாலும் அதே மாதிரி. உயிருள்ள குரங்கின் வால் அதன் மனதைக் காட்டிக்கொடுக்கும், கோயில் மதில்மேல் கொஞ்ச நேரம் பார்த்தாலே தெரியும். படத்தில் அது இடுப்பில் கட்டிய கயிறு மாதிரி தொங்கினால் எழுதிவிடுங்கள்.

ஆயா கேட்ட கேள்வி

எங்கள் ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பாரதக் கூத்து எத்தனை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஒரு நாள் நான் டிவியில் ஒரு மகாபாரத அனிமேஷனை ஓடவிட்டிருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசாமல் பார்த்தவள், "ஏம்பா, இவனுங்க எல்லாரும் ஒரே மாதிரி நடக்கறானுங்களே, இதுல எவன் ராசா, எவன் சேவகன்?" என்றாள். நான் அந்தப் படத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதில் நடை பற்றி ஒரு வரிகூட இல்லை. கிழித்துப் போட்டேன்.

கூத்தில் திரைக்குப் பின்னால் ஆள் வந்து நிற்கும்போதே சலங்கைச் சத்தத்தை வைத்து யார் வருகிறார் என்று ஆயா சொல்லிவிடுவாள். அனிமேஷனில் நடை என்பது ரொம்பச் செலவு பிடிக்கிற சமாச்சாரம், ஒரு தடவை செய்த நடைச் சுழற்சியை, அதாவது திரும்பத் திரும்ப ஓட்டுகிற ஒரே நடை அசைவை, பத்துப் பேருக்கு மாட்டிவிடுவது சகஜம். கூட்டத்தில் நிற்கும் வீரர்களுக்கு அப்படிச் செய்தால் மன்னிக்கலாம், திருதராஷ்டிரனுக்கும் அதே நடை என்றால் மன்னிக்க முடியாது, அவர் கண் தெரியாதவர். ஒரு காட்சி முழுக்கப் பாதங்களை மட்டும் பாருங்கள். பாதம் தரையில் ஊன்றுகிறதா, இல்லை ஐஸ்மேல் போகிற மாதிரி வழுக்குகிறதா? நடிகரின் உடலில் குறி ஒட்டி அசைவைப் பதிவு செய்கிற மோஷன் கேப்சர் முறையில் இந்த வழுக்கல் அடிக்கடி வரும், சரியாகத் துப்புரவு செய்யாவிட்டால். கதாயுதம் எடுத்த ஆள் குதித்தால் தரையில் தூசு கிளம்புகிறதா, முழங்கால் மடங்குகிறதா? கனம் இல்லாத பீமனை யார் நம்புவார்கள்?

இங்கே ஒரு எச்சரிக்கை. கையால் வரைந்த படங்களில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு வைத்து 12 படங்களிலேயே விநாடியை ஓட்டுவது உலகம் முழுக்க நடைமுறை. அதைப் பார்த்துவிட்டு "திக்கித் திக்கி ஓடுது, குவாலிட்டி இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். அசைவு வழவழவென்று இருப்பதும் உயிரோட்டமாக இருப்பதும் ஒன்றல்ல.

உடையும் அசைவில்தான் மாட்டிக்கொள்ளும். யூகோ சாகோ, ராம் மோகன், கோய்ச்சி சசாகி மூவரும் இயக்கிய ஜப்பான் இந்தியக் கூட்டு ராமாயணம் 1990-களின் தொடக்கத்தில் வந்தது, கையால் வரைந்தது, 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடு திரும்பவும் தியேட்டருக்கு வந்தது. வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர் என்பதால், வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசீர்வாதம் வாங்குவார்கள் என்றெல்லாம் இந்தியக் கலைஞர்கள் படிப்படியாகக் குறிப்பு வரைந்து கொடுத்தார்களாம். அந்தக் கவனம் எங்கே தெரிகிறது என்று தேடிப் பாருங்கள்: உட்கார்ந்து எழுந்திருக்கும்போது துணி என்ன ஆகிறது, கும்பிடுகிற கையில் விரல்கள் எப்படிச் சேர்கின்றன, விழுந்து வணங்கும்போது எந்த உறுப்பு முதலில் தரையைத் தொடுகிறது. தரையில் சம்மணம் போட்டு உட்காரத் தெரியாத ரிஷியை நான் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் பார்த்திருக்கிறேன், நாற்காலி எங்கே என்று தேடுகிற மாதிரியே இருப்பார்.

நிறம்

இதில்தான் நம் ஆட்கள் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள், அதனால் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ராமன் கறுப்பு. கம்பன் அந்தக் கறுப்பைச் சொல்ல முயன்று, "மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ" என்று நாலு பொருளைக் கூப்பிட்டு, எதுவும் போதாமல் "ஐயோ இவன் வடிவு" என்று கையை விரித்துவிடுகிறார். மை, மரகதம், அலையடிக்கிற கடல், மழை மேகம். நாலும் அடர்ந்த நிறம், நாலுக்கும் வேறு வேறு மினுமினுப்பு. ஒரு வண்ணக் கலைஞனுக்கு இதைவிட நல்ல குறிப்பு வேறு யார் தர முடியும்? ஆனால் திரையில் நமக்கு வருவது பால் கலந்த ஆகாய நீலம், பல படங்களில் அந்த நீலமும் போய் ரோஸ் கலந்த வெள்ளை. திரௌபதிக்குக் கிருஷ்ணை என்றே பெயர், கறுப்பி என்று அர்த்தம், அவளையும் வெளுத்துவிடுகிறார்கள். அதே படத்தில் அரக்கர்கள் மட்டும் கரிக்கட்டை நிறத்தில், சுருட்டை முடியோடு, தடித்த உதட்டோடு இருப்பார்கள். யாருடைய தோலைப் பார்த்து இந்த அரக்கர்களை வரைந்தார்கள் என்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் கேட்கத் தோன்றும். இதை விமர்சனத்தில் எழுதினால் "எல்லாத்துலயும் அரசியல் பாக்கறீங்க" என்று ஒருவர் வருவார். வரட்டும். மூலத்தில் கறுப்பாக இருப்பவனை வெளுப்பாக்கியது யாரோ எடுத்த முடிவு, அந்த முடிவுக்குக் காரணம் கேட்பதுதான் விமர்சகனின் வேலை.

வெளிச்சத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். அயோத்தியும் தங்கம், மிதிலையும் தங்கம், இலங்கையும் தங்கம் என்று எல்லாம் ஒரே மஞ்சளாக இருந்தால், சீதை எதை விட்டு எங்கே போனாள் என்பதே கண்ணுக்குத் தெரியாது. மூன்று ஊரிலிருந்தும் ஒவ்வொரு காட்சியை நிறுத்திப் படம் பிடித்து, பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

மரம், கடல், மிளகாய்

பின்னணியைப் பற்றி எழுதும்போது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, கடல் தெரியும், காற்று தெரியும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதைப் பார்த்தவர்களுக்குத் தென்னை எப்படி வளையும், பலா எப்படி வேரோடு சாயும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருணன் வராத கோபத்தில் ராமன் கடலைக் கலக்குகிற காட்சியில் தண்ணீர் நீச்சல் குளம் மாதிரி பளிங்கு நீலத்தில் இருந்தால், அலை உடைந்தபின் மணலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போகாமல் அப்படியே மறைந்தால், அதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

ஆனால் பிழை பிடிக்கிற ருசி ஒன்று இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சவுக்கு நம் கடற்கரையில் தோப்பு தோப்பாக நட ஆரம்பித்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான், மிளகாயும் முந்திரியும் போர்த்துகீசியர் காலத்தில் வந்தவை. ஆகவே வனவாசத்தில் சவுக்குத் தோப்பும், சமையலில் சிவப்பு மிளகாயும் இருந்தால் பிழைதான். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் இப்படிப் பதினேழு பிழை கண்டுபிடித்து வந்தான், கேட்கச் சுவாரசியமாக இருந்தது, ஆனால் அதில் ஒன்றுகூடக் கதையைத் தொடவில்லை. சிலப்பதிகாரத்தை ஒருவர் அனிமேஷனாக எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாண்டியன் சபையில் கண்ணகி சிலம்பை உடைக்கும்போது முத்து சிதறுகிறது என்று வரைந்துவிட்டால் தீர்ந்தது. கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல், வழக்கே அதில்தான் நிற்கிறது. முத்து சிதறினால் கோவலன் திருடன், மதுரை எரிந்ததற்கு நியாயமே இல்லை. அது வெறும் ஒரு நிற மாற்றம், சிவப்புக்குப் பதில் வெள்ளை. மிளகாய்க்கு ஒரு வரி, சிலம்புக்கு ஒரு பக்கம், அந்த விகிதம் போதும்.

அளவு பற்றி எழுதும்போதும் நம் படுகளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணால் செய்த துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான், வேஷம் கட்டிய பீமன் அவன் தொடைப் பக்கம் நிற்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய உடல் என்று நெஞ்சில் உறைக்கும். பெரியதைப் பெரியதாகக் காட்டுவது பக்கத்தில் இருக்கிற சின்னதுதான். அனுமன் விசுவரூபம் எடுக்கும்போது சுற்றிலும் வெறும் மேகம் மட்டும் இருந்தால் அவன் மலையளவா, மாடியளவா என்று யாருக்கும் தெரியாது. ஒரு பறவை பறந்தால் போதும்.

எழுதுகிற முறை

"கிராபிக்ஸ் மட்டம்" என்று எழுதாதீர்கள், அதிலிருந்து படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்தக் காட்சி, என்ன கண்டேன், அது கதைக்கு என்ன செய்தது, ஏன் அப்படித் தோன்றியது, இந்த வரிசையில் பேச்சு நடையில் சொன்னாலே விமர்சனம் ஆகிவிடும். காரணத்தை மட்டும் ஊகிக்காதீர்கள், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு படத்தில் வானர சேனை முழுக்க ஒரே முகமாக இருந்ததைப் பார்த்து "சோம்பேறித்தனம்" என்று எழுதிவிட்டேன். அதில் வேலை பார்த்த ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார், கோபமாகக்கூட இல்லை. முப்பதுக்கு மேல் முகங்கள் வரைந்தார்களாம், கடைசி நேரத்தில் நாள் போதாமல் ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாம். முகங்கள் ஒரே மாதிரி இருந்தன என்பது நான் கண்டது, சோம்பேறித்தனம் என்பது நான் கற்பனை செய்தது. அப்போதிலிருந்து இரண்டாவது வகைச் சொற்களை எழுதிமுடித்தபின் தேடித் தேடி அடிக்கிறேன்.

பணக் குறைவையும் யோசனைக் குறைவையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு கேள்வி: இதே காசில் வேறு மாதிரி செய்திருக்க முடியுமா? 2008-இல் வந்த 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்' படத்தைப் பெரும்பாலும் தனி ஒருத்தியாக நீனா பேலி தன் கணினியில் செய்தார். நிழல் பொம்மைகள் மூன்று உட்கார்ந்து, இந்தச் சம்பவம் எப்போது நடந்தது, அந்தப் பெயர் என்ன என்று நம் வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரி ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு ராமாயணம் சொல்கின்றன. அவர் ராமனைக் காட்டிய விதத்தோடு எனக்கு நிறையச் சண்டை உண்டு, ஆனால் காசில்லாததை ஒரு இடத்திலும் சாக்காகக் காட்டவில்லை. கூட்டக் காட்சியில் வீரர்கள் நகலாக இருப்பது காசு. கதாநாயகனின் முகம் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக, அழும்போதுகூட ஒரு சுருக்கம் விழாமல் இருப்பது முடிவு.

சாமி பற்றிய படம் என்பதால் வரைந்ததைத் திட்டினால் சாமியைத் திட்டியதாக எடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்காமல், "அனுமன்" என்று எழுதுகிற இடத்தில் "இந்தப் படத்தில் வரைந்திருக்கிற அனுமன்" என்று எழுதிப் பாருங்கள், பாதிச் சண்டை குறையும். டப்பிங் படத்தில் உதடு பொருந்தவில்லை என்பதைக் காட்சிக் குறையாகச் சேர்க்காதீர்கள், அது வேறு மொழிக்கு வரைந்த வாய். கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். உருவ வடிவமைப்பு ஒருவர், பின்னணி ஒருவர், வண்ணம் ஒருவர், எல்லாவற்றுக்கும் இயக்குநர் தலையிலேயே போடக் கூடாது, நல்லதாக இருந்தால் பாராட்டும் அந்தந்தப் பெயருக்குப் போகட்டும்.

போன மாதம் பதினேழு பிழை கண்டுபிடித்த அதே பையன் திரும்ப எழுதிக் கொண்டுவந்ததில் ஒரு பகுதியை மாதிரிக்காகத் தருகிறேன்: "நாற்பத்திரண்டாவது நிமிஷத்தில் கைகேயியின் அறைக்குள் தசரதன் வருகிறார். வரும்போது நடை ராஜநடை, கிரீடம் வாசல் நிலையில் இடிக்கிற உயரம். வெளியே போகும்போது அதே வாசல், ஆனால் இப்போது வாசல் பெரிதாகவும் அவர் சின்னதாகவும் தெரிகிறார். நான் நிறுத்தி அளந்து பார்த்தேன், ஆள் அளவு மாறவில்லை, கேமராவைத் தரையிலிருந்து கூரைக்குத் தூக்கியிருக்கிறார்கள்."

மிளகாய் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.